கேனில் இருந்தது தண்ணீர்

கடும் வெயிலில் மலையில் காணாமல் போனவரைத் தேடுவது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி, போன மாதம் இரண்டு பேர் வடக்கனந்தலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் கடைசியாக வேலை பார்த்த தீயணைப்பு நிலையத்து ஆட்கள். ஏதோ சிறப்பு மலர் போடுகிறார்களாம்.

"சார், அந்த டீச்சர மீட்ட டீமுக்கு நீங்கதான லீடர். பாராட்டுப் பத்திரம் வேற வாங்கினீங்க. இன்னா செய்யணும், இன்னா செய்யக் கூடாதுன்னு பாயின்ட் பாயின்டா எழுதிக் குடுங்க சார்" என்றார்கள்.

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்து தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். பிரஷர் ஏறிவிட்டதோ என்று என் மனைவி மாத்திரையை எடுத்து வந்தாள். எனக்கு வந்தது கோபம். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். மலரில் இதைப் போட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போடாவிட்டால் போகட்டும்.

என் பெயர் லூர்துசாமி. முப்பத்து நான்கு வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்து, முன்னணி தீயணைப்பாளராக ஓய்வு பெற்றேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சில மாதம் ஓட விட்டார்கள், கயிறு ஏற விட்டார்கள், ஹோஸ் சுருட்ட விட்டார்கள். வேலையைக் கற்றுக்கொண்டது கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிணறுகளில்தான். எங்கள் பகுதியில் தீயைவிடக் கிணற்று வேலை ஜாஸ்தி. மாடு விழும். மோட்டார் தூக்கப் போனவர் விழுவார். குடும்பச் சண்டையில் யாராவது குதிப்பார்கள்.

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கிணறு. சேற்றை வாரி எடுக்க இறங்கிய இரண்டு பேர் உள்ளேயே மயங்கிக் கிடந்தார்கள். நான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு சுவரில் கால் வைத்துவிட்டேன். அப்போது பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்து, "சார், காலைலருந்து டீசல் இஞ்சின கெணத்துக்குள்ளயே வச்சி ஓட்டிக்கினு இருந்தாங்க சார்" என்றார். மேலே நின்ற சொந்தக்காரர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. புகை நிறைந்த கிணறு அது. மூச்சுக் கருவி இல்லாமல் இறங்கியிருந்தால் மூன்றாவதாகக் கிடப்பவன் நான்தான். கருவி மாட்டிக்கொண்டு இறங்கி இரண்டு பேரையும் தூக்கினோம். ஒருவர் பிழைத்தார்.

அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும், அங்கே தினமும் புழங்குகிற ஆள் யார் என்று தேடி அவரிடம்தான் முதலில் பேசுவேன். என் வேலையில் நான் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

ரேவதி டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்தார்களே, அதற்கு அடுத்த வருஷத்துக் கத்திரி வெயில். எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் நிலையத்துக்கு ஒரு போன் வந்தது. கோமுகி அணைக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் கஸ்தூரி பேசினார்.

"சார், நேத்து காலைல ஆறு மணிக்கு ஒரு டீச்சரம்மா எங்கடைல டீ குடிச்சிட்டு தனியா மலை ஏறுனாங்க. மேல ஊருக்குப் போயிட்டு பஸ்ல எறங்கிடுவேன், சாயங்காலம் வண்டிய எடுத்துக்கிறேன்னாங்க. வரல சார். வண்டி இங்கயே நிக்குது. கடைசி பஸ் கண்டக்டரக் கேட்டேன், அப்டி யாரும் ஏறலன்றாரு. நேத்தே ஒரு எடத்துல போய்ச் சொன்னேன். வந்துடுவாங்க போம்மான்னு அனுப்பிட்டாங்க."

ஒரு நாளும் ஓர் இரவும் ஏற்கெனவே போய்விட்டது. ஏழு மணிக்கெல்லாம் நாங்கள் ஆறு பேர் அந்த டீக்கடை முன்னால் நின்றோம்.

தேடலில் முதல் வேலை கால் வைப்பது இல்லை, கேட்பது. கஸ்தூரியிடம் கேட்டேன். டீச்சருக்கு எத்தனை வயது இருக்கும்? நாற்பதுக்குள். காலில் என்ன? கட்டும் ஷூ. தண்ணீர் எவ்வளவு? இரண்டு பாட்டில். சாப்பாடு? ஒரு பொட்டலம். எந்தப் பாதை? மலை ஜனங்கள் சந்தைக்கு இறங்கி வருகிற பழைய ஒற்றையடிப் பாதை. பாதி மலையில் ஓர் ஊற்று இருக்கிறது, அங்கே பாட்டிலை நிரப்பிக்கொள்வேன் என்று டீச்சர் சொன்னாராம். போன வருஷமும் அதே பாதையில் வந்து நிரப்பியிருக்கிறார்.

"அந்த ஊத்து இந்த வருஷம் மாசியிலயே காஞ்சி போச்சி சார். நேத்தே சொல்லியிருக்கணும். அவங்க போன அப்புறந்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சி" என்று கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டார்.

கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. ஊற்றுக்குப் போகும்போதே பாட்டில் காலி. மேலே ஏற இன்னும் இரண்டு மணி நேரம். கீழே இறங்கவும் அதே அளவு. வெயிலில் அடிபட்டவருக்கு முதலில் வேர்ப்பது நிற்கும். பிறகு புத்தி தடுமாறும். பையைக் கழற்றிப் போடுவார்கள், செருப்பைக் கழற்றிப் போடுவார்கள். பாதையை விட்டுவிட்டு, பள்ளத்தில் தண்ணீர் இருக்கும் என்று ஓடை வழியாக இறங்குவார்கள். பாறை இடுக்கில் நிழல் கண்டால் சுருண்டுவிடுவார்கள். கூப்பிட்டால் காதில் விழும், பதில் சொல்ல வாய் வராது. அதனால் சத்தம் போட்டுத் தேடிப் பயனில்லை. கண்ணால் தேட வேண்டும். காலை ஒன்பதரைக்குள் ஒரு சுற்று, நான்கு மணிக்கு மேல் ஒரு சுற்று. நடுவில் தேடப் போனால் தேடுகிறவனும் விழுவான். இரண்டு பக்கம் கேட்டீர்களே, பாயின்ட் இவ்வளவுதான்.

நாங்கள் பாதையில் ஏறத் தயாரானபோது ஒரு ஜீப் வந்தது. ஓர் அதிகாரி இறங்கினார்.

அவர் பெயரையோ துறையையோ எழுதப்போவதில்லை. வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று எழுதலாம். அவர் கத்திப் பேச மாட்டார். மிக மெதுவாகப் பேசுவார். அவர் சொல்வது காதில் விழ வேண்டும் என்றால் எதிரில் நிற்பவன் குனிய வேண்டும். எல்லோரையும் தம்பி என்பார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னையும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். உத்தரவு என்று எதையும் போட மாட்டார். "செஞ்சிடலாமா?", "வேணாம்னு தோணுதுல்ல?" என்று கேட்பார். நாம் தலையாட்ட வேண்டும். பின்னால் ஏதாவது ஆனால், தலையாட்டினவன்தான் முடிவெடுத்தவன். கையில் ஒரு சின்னத் துணி வைத்துக்கொண்டு செல்போன் கண்ணாடியைத் துடைத்தபடியே இருப்பார்.

டீச்சரின் ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே மடித்து வைத்த ஒரு சுடிதார் இருந்தது.

"மாத்துத் துணி எதுக்குத் தம்பி?"

"எறங்கி வந்து வேர்வைத் துணிய மாத்திக்கிறதுக்கு சார்."

"ம். அப்படியும் இருக்கலாம்" என்று சிரித்தார். "வண்டிய இங்க விட்டுட்டு வேற வண்டில ஏறிப் போயிருந்தா? மொதல்ல அவங்க போன் யார் யாருக்குப் போச்சின்னு பாத்துடலாமா?"

"சார், வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வந்துடறோம் சார்."

"அவசரம் வேணாம்னு தோணுதுல்ல?"

நான் தலையாட்டவில்லை. ஆனால் நகரவும் இல்லை. எங்கள் நிலைய அலுவலர் கண்ணால் எனக்கு ஜாடை காட்டினார், இரு என்று.

பத்து மணிக்கு டீச்சரின் தம்பி முரளி பண்ருட்டியிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். அவரைப் புளியமரத்தடியில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அக்காவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை, யாரோடு பேசுவார், இதற்கு முன்னால் இப்படிச் சொல்லாமல் போயிருக்கிறாரா. முரளி முதலில் பொறுமையாகப் பதில் சொன்னார். அப்புறம் எழுந்துவிட்டார்.

"சார், எங்கக்கா வருஷா வருஷம் லீவுல தனியா மலை ஏறுவாங்க. கணக்கு வாத்தியார் சார் அவங்க. எத்தினி மணிக்கு எங்க இருப்பேன்னு எனக்கு எழுதி அனுப்பிட்டுத்தான் போவாங்க. அந்த மெசேஜ் இதோ இருக்கு. அவங்க அந்த மலைலதான் இருக்காங்க. வெயில் ஏறுது சார், உங்க கால்ல விழறேன் சார்."

அதிகாரி செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் டவர் விவரம் வந்தது. சனிக்கிழமை முற்பகலில் கடைசி சிக்னல், மலையில் இருக்கும் அருவிப் பக்கம். உடனே எல்லோரும் அருவிக்குப் போகலாமா என்றார் அதிகாரி. அப்போது மணி ஒன்று. நிழல் காலுக்கடியில் இருந்தது. நான் போய்க் குனிந்து சொன்னேன்.

"சார், டவர் ஒரு எடத்தக் காட்டாது சார். ஒரு பக்கத்தத்தான் காட்டும். பழைய பாதையும் அந்தப் பக்கத்துலதான் வருது. ஊத்துக்குக் கீழ ரெண்டு ஓடை இருக்கு, அதுலதான் பாக்கணும். மேல குடிசைங்க இருக்கு. ஒரு ஆளு போய் மலைக்காரங்களக் கேட்டா, அவங்க அரை நாள்ல மொத்த மலையும் அலசிடுவாங்க."

"மலைக்காரங்களயா?" என்று முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அவங்ககிட்டக் கேட்டா, நாம எங்க தேடுறோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்ல?"

"தெரிஞ்சா இன்னா சார்? தேட வருவாங்க."

"இல்ல தம்பி. எதையாவது மறைப்பாங்க."

மலையில் சாராயம் காய்ச்சுவதைச் சொல்கிறார். நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருணாபுரத்தில் செத்தவர்களில் என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் உண்டு. அவன் பெட்டியை நானும் தோள் கொடுத்துத் தூக்கினேன். காய்ச்சுகிறவன் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் அந்தச் சாவுகளுக்குப் பிறகு, மலையில் பிறந்த ஒவ்வொருவனையும் காய்ச்சுகிறவனாகப் பார்க்கிற கண் ஒன்று கீழே சிலருக்கு வந்துவிட்டது. அந்தக் கண்ணால்தான் அவர் மலையைப் பார்த்தார். அங்கே ஒரு பெண் செத்துக்கொண்டிருந்தது அந்தக் கண்ணில் படவில்லை.

ஒரு மணி வெயிலில், அதிகாரியின் ஆட்களோடு சேர்த்து முப்பது பேர் அருவிப் பாதையில் ஏறினோம். பாறை அடுப்பு மாதிரி இருந்தது. ஒருவருக்கொருவர் பத்தடி தள்ளி வரிசையாக நடந்து, விசில் ஊதி, நின்று கேட்டு, மறுபடி நடந்தோம். மூன்று மணிக்கு என் பக்கத்தில் வந்துகொண்டிருந்த தினேஷ் என்ற தீயணைப்பாளர் சம்பந்தமில்லாமல் சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. பிடிப்பதற்குள் விழுந்துவிட்டார். எல்லோருடைய தண்ணீரையும் அவர் மேல் ஊற்றி, சட்டையைக் கிழித்து விசிறி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு கீழே வந்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். தேடல் ஐந்து மணிக்கு நிறுத்தப்பட்டது. தேடுவதற்குத் தோதான நேரம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பே எங்கள் நிலைய அலுவலரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "நீ போ லூர்து. என்னக் கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கிறேன்" என்றார். காலை ஐந்து மணிக்கெல்லாம் மூன்று பேரோடு பழைய பாதையில் ஏறிவிட்டேன்.

காய்ந்த ஊற்றில் காலி பாட்டில் ஒன்று கிடந்தது. ஊற்றின் சேறு வெடித்துக் கிடந்த இடத்தில் கையால் தோண்டிய அடையாளம். மூன்று விரல் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார். அங்கிருந்து ஓடையில் இறங்கினோம். நூறடி தள்ளி ஒரு ஷூ. இன்னும் தள்ளி பை. அதற்கு அப்பால் ஒரு பாறைக்கு அடியில் மண் கலைந்து, ஆட்களின் வெறுங்கால் தடங்கள் இருந்தன. டீச்சர் இல்லை.

தடம் மேலே போனது. அதைப் பிடித்து ஏறினபோது மேலிருந்து மூன்று பேர் இறங்கி வந்தார்கள். இரண்டு ஆண்கள் மூங்கில் கழியில் சேலையைத் தொட்டிலாகக் கட்டித் தூக்கி வந்தார்கள். ஓர் அம்மா கையில் வெள்ளைப் பிளாஸ்டிக் கேனோடு பக்கத்தில் நடந்து, ஒவ்வொரு பத்தடிக்கும் தொட்டில் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார்.

எங்கள் காக்கியைப் பார்த்ததும் ஆண்கள் நின்றுவிட்டார்கள். கழியை இறக்கி வைத்துவிட்டு ஓடப்போகிறார்கள் என்று தெரிந்தது.

"நில்லுங்க. ஓடாதீங்க. ஓடுனா அவ்ளோதான்" என்று அந்த அம்மா அவர்களை அதட்டினார்.

"அம்மா, நாங்க ஃபயர் ஆபீஸ். பயப்படாதீங்க" என்றேன்.

அந்த அம்மா செல்லம்மா. கழியைத் தூக்கி வந்தவர்கள் அவர் கணவர் சடையன், கொழுந்தன் ஆண்டி. மேலே சாமை விதைத்துப் பிழைக்கிறவர்கள். தொட்டிலைப் பிரித்துப் பார்த்தேன். டீச்சர் உயிரோடு இருந்தார். உதடு வெடித்து, கண் பாதி திறந்து, கூப்பிட்டால் முனகினார். உடம்பு முழுக்க ஈரத் துணி சுற்றியிருந்தது. நாடி வேகமாக ஓடியது. ஆனால் தொட்டால் சுடவில்லை. எந்த ஆஸ்பத்திரியும் அந்த இடத்தில் அதற்கு மேல் செய்திருக்க முடியாது. கேனை வாங்கி, மிச்சமிருந்த தண்ணீரில் கொஞ்சத்தை நானே டீச்சரின் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றினேன். உள்ளங்கையில் ஊற்றி நானும் ஒரு வாய் குடித்தேன். எனக்கு அவ்வளவு தாகம்.

"எப்பமா பாத்தீங்க?"

"நேத்து உச்சி சாஞ்சதும் சார். மாட்டத் தேடிக்கினு போனப்ப இவருதான் பாத்தாரு. நெருப்பாட்டம் கொதிச்சிது ஒடம்பு. வூட்டுக்குத் தூக்கிக்கினு போய் ஈரத் துணி சுத்துனோம். கஞ்சித் தண்ணில உப்பு போட்டுத் துணியால நனச்சி நனச்சி வாயில வச்சேன்."

"நாங்க விசில் ஊதுனோமே, கேக்கலயா?"

சடையன் தரையைப் பார்த்தார். செல்லம்மாதான் சொன்னார்.

"கேட்டுச்சி சார். விசிலு கேட்டா நாங்க காட்டுக்கு உள்ளாறதான் போவோம். போன வருஷம் இப்டித்தான் விசிலு கேட்டுச்சின்னு எறங்கிப் போன ஆளு, நாலு மாசம் ஜெயில்ல இருந்துட்டு வந்தாரு. விடிய விடிய இவங்க ரெண்டு பேரும் சண்ட. தூக்கிக்கினு போனா நம்மளப் புடிப்பாங்கன்னு. நான்தான் சொன்னேன். இந்தப் பொண்ணு செத்தாலும் நம்ம தலைல விழும், பொழச்சாலும் நம்ம தலைல விழும். பொழச்சி விழட்டும், தூக்குங்கன்னு."

அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை.

நான் கீழே தகவல் சொன்னேன். உயிரோடு இருக்கிறார், மலைவாசிகள் கண்டுபிடித்துத் தூக்கி வருகிறார்கள், ஆம்புலன்ஸ் தயாராக இருக்கட்டும். மலைவாசிகள் என்பதை இரண்டு முறை சொன்னேன். இறங்கும்போது சடையனும் ஆண்டியும் யாரிடமும் கழியைத் தரவில்லை. எங்களுக்கு அந்தப் பாதையில் கால் நிற்காது, அவர்களுக்கு நிற்கும். வழியில் அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பாறைப் பொந்தில் இருந்த நீரைச் செல்லம்மா கேனில் நிரப்பிக்கொண்டார்.

ரோட்டுக்கு மேலே கடைசி வளைவில் அதிகாரியின் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். "நாங்க தூக்கிக்கலாமா?" என்று கேட்டு, கழியைச் சடையன் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். கீழே டிவிக்காரர்கள் நின்றது எனக்கு அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் எல்லா ஊரிலும் காட்டிய படத்தில் தூக்கி வருகிறவர்கள் சீருடைக்காரர்கள்.

டீச்சரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. மூன்று பேரையும் ஜீப் அருகில் நிறுத்தியிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு போன் எங்க? செயின் எங்க? எத்தினி நேரம் வூட்ல வச்சிருந்தீங்க? எதுக்கு வச்சிருந்தீங்க?"

சடையன் கைகூப்பிக்கொண்டு நின்றார். அதிகாரி கேனைக் காலால் லேசாகத் தட்டினார்.

"இதுல இன்னா இருக்கு?"

"தண்ணிங்க" என்றார் செல்லம்மா.

நான் ஓடினேன். "சார், தண்ணிதான் சார். அத வச்சித்தான் அவங்களப் பொழைக்க வச்சாங்க. நானே ஊத்துனேன் சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. தோளில் கை போட்டு ஆம்புலன்ஸ் பக்கம் திருப்பினார். "நீங்க கூடப் போறது நல்லதுன்னு தோணுதுல்ல தம்பி? அவங்களுக்கு வழில ஏதாவது ஆயிடப் போவுது."

நான் ஏறிவிட்டேன்.

டீச்சருக்காகத்தான் ஏறினேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆம்புலன்ஸில் பயிற்சி பெற்ற ஆள் இருந்தார். என் தேவை அங்கே இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

டீச்சரைக் கடத்தியதாக வழக்குப் போட முடியவில்லை. பையும் போனும் செயினும் ஓடையிலேயே கிடைத்துவிட்டன. அதனால் சடையன் மேலும் ஆண்டி மேலும் வேறு வழக்கு. பிளாஸ்டிக் கேனில் ஐந்து லிட்டர் கள்ளச்சாராயம் வைத்திருந்தார்கள் என்று எழுதினார்கள். சோதனைக்குச் சாம்பிள் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே கொட்டி அழித்துவிட்டார்களாம். அந்தச் சாம்பிள் எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். செல்லம்மாவை விட்டுவிட்டார்கள்.

எங்கள் நிலையத்தில் அறிக்கை எழுத வேண்டியது நான். நிலைய அலுவலர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நம்ம வேலைய மட்டும் எழுது லூர்து. மத்தது மத்த டிபார்ட்மென்ட். எட்டு மாசத்துல நீ வூட்டுக்குப் போற ஆளு."

"காணாமல் போன பெண் தேடுதல் குழுவினரால் உயிருடன் மீட்கப்பட்டார்" என்று எழுதினேன். யார் தூக்கினார்கள் என்று அந்த வரி சொல்லாது. என் கையெழுத்து அடியில் இருக்கிறது. சுதந்திர தினத்தன்று மேடையில் ஏறி, அதற்காகவே பாராட்டுப் பத்திரம் வாங்கினேன். கொடுத்தவர்கள் வரிசையில் அந்த அதிகாரியும் நின்றார். "வாழ்த்துகள் தம்பி" என்றார். நான் நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போட வேண்டும் போலிருக்கிறது.

ரேவதி டீச்சர் பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சிறுநீரகம் பாதிப் பழுது. பேச்சு கொஞ்சம் நிதானமாகிவிட்டது. நடக்க ஆரம்பித்ததும் முரளியோடு நிலையத்துக்கு வந்தார்.

"சார், எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல. ஒரு பொம்பளக் குரல் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கண்ண மூடாத கண்ண மூடாதன்னு. அது யாரு சார்?"

பெயரையும் இடத்தையும் சொன்னேன். வழக்கைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் ஜீப் பிடித்து மேலே போனார். சடையனும் ஆண்டியும் அப்போதுதான் ஜாமீனில் வந்திருந்தார்கள். அந்த வருஷம் ஆடி மழை பெய்தும் அவர்கள் நிலத்தில் சாமை விதைக்க ஆளில்லை. புல் முளைத்துக் கிடந்த அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் நேராக என்னிடம்தான் திரும்பி வந்தார்.

"ஏன் சார் சொல்லல?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"என்னக் காப்பாத்துனதுக்கு அவங்களுக்கு ஜெயிலா? நீங்க பாத்தீங்கதான? அந்தக் கேன்ல இருந்தத நீங்களே என் மேல ஊத்துனீங்கன்னு அந்தம்மா சொல்றாங்க. நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிருக்கும்ல?"

கணக்கு டீச்சர் இல்லையா. எல்லாக் கூட்டலும் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவர் அதற்கு மேல் திட்டவில்லை. ஒரு வக்கீலம்மாவை அவரே ஏற்பாடு செய்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த வக்கீலம்மா என்னைப் பார்க்க வந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் சாட்சி சொல்ல வேண்டும், விருப்பம் இல்லாவிட்டால் வற்புறுத்த மாட்டேன் என்றார். என் மனைவி உள்ளேயிருந்து வந்து, "போய்ச் சொல்லிட்டு வா. இத்தினி நாளா நீ தூங்குறதே இல்ல" என்றாள்.

கூண்டில் ஏறினேன். நடந்ததைச் சொன்னேன். ஊற்றில் தோண்டிய விரல் தடத்திலிருந்து ஆம்புலன்ஸ் வரை ஒன்று விடாமல் சொன்னேன். கேனில் இருந்தது தண்ணீர், நான் ஊற்றினேன், நான் குடித்தேன் என்றேன். அரசு வக்கீல் எழுந்தார். என் அறிக்கையின் நகலைக் காட்டினார்.

"இதுல உங்க கையெழுத்துதானே? இதுல மலைவாசிகள் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

"இல்லைங்க."

"பாராட்டுப் பத்திரமும் வாங்கியிருக்கீங்க. இத்தன நாள் வாயத் தொறக்காதவரு, இப்ப திடீர்னு ஏன் வந்து சொல்றீங்க?"

வக்கீலம்மா ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். துறை விதிமுறை, அறிக்கையின் வரம்பு என்று ஏதோ. அது வாயில் வரவில்லை.

"பயந்தேங்க. எட்டு மாசத்துல ரிட்டயர்டு. மெமோ குடுத்து பென்ஷன நிறுத்திடுவாங்கன்னு பயந்தேன். இப்ப எங்கிட்ட அவங்க எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் வந்தேன்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

சடையனும் ஆண்டியும் விடுதலை ஆனார்கள். தீர்ப்பில் வார்த்தை எப்படி வந்தது தெரியுமா? சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கிறேன். தண்ணீரில் என்ன சந்தேகம்? அந்த அதிகாரியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கேயும் யாரையாவது தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

தீர்ப்பு அன்று கோர்ட் வாசலில் செல்லம்மா பஸ்ஸுக்காக நின்றிருந்தார். டீச்சர் வாங்கிக் கொடுத்த வாழைப்பழச் சீப்பு கையில் இருந்தது. அருகில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரே பேசினார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார்.

"ஏன் சார், இனிமே காட்டுல எவனாவது அந்த மாதிரிக் கெடந்தா நாங்க இன்னா பண்ணணும்? தூக்கணுமா, பாக்காத மாதிரி போய்டணுமா? நீங்க சொல்லுங்க."

நான் பதில் சொல்வதற்குள் மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிக்கொண்டார். மலருக்கு இரண்டு பக்கம் கேட்டவர்கள் முதலில் இந்தக் கேள்வியைப் போடட்டும்.